பகல் காட்சியில் வந்த சாமி

எங்கள் தெற்குச் சீமை வண்ணார்பேட்டையில் ஒரு திரையரங்கு. பகல் காட்சி. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பக்கத்து இருக்கையிலிருந்து என் அப்பா எழுந்தபோது, வெளியே போய்விட்டு வரப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எழுபதைத் தாண்டியவர். இடைவேளையில் பெரிய கிளாஸ் நிறையச் சர்பத்து வேறு குடித்திருந்தார். வழிவிடுவதற்காகக் காலை மடக்கிக்கொண்டேன்.

அவர் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். வலது பாதம் தரையைத் தட்ட ஆரம்பித்தது. முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல்.

அந்தத் தட்டு எனக்குத் தெரியும். விவரம் தெரிந்த நாளிலிருந்து கோயில் கொடைத் திருவிழாவில் பார்த்து வளர்ந்தது. மடியிலிருந்த சோளப்பொரி அத்தனையும் கீழே கொட்டியது.

திரையில், பூமியைவிட்டு வெகுதூரம் போய்விட்ட ஒரு விண்கப்பலுக்குள், இரும்புக் காவலாளி ஒருவன் நெருப்பறையை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அமெரிக்காவில் எடுத்த படம். அவன் பேசிய தமிழ் நான் எழுதியது.

"அப்பா, உக்காருங்க. எல்லாரும் பாக்குதாங்க" என்று கையைப் பிடித்தேன். கை அனலாகக் கொதித்தது. என்னை உதறிவிட்டு, அரங்கமே அதிரும்படி ஒரு சத்தம் போட்டார்.

அப்பாவுக்கு அருள் வந்துவிட்டது.

முகமூடிக்காரர்களின் தமிழ்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் படங்களுக்கு டப்பிங் வசனம் எழுதுவது என் தொழில். இதை மொழிபெயர்ப்பு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மொழிபெயர்ப்பவருக்கு அர்த்தம் சரியாக இருந்தால் போதும். நான் உதட்டையும் பார்க்க வேண்டும். திரையில் இருப்பவர் வாயை மூடும் இடத்தில் என் சொல்லிலும் ஒரு 'ம'வோ 'ப'வோ வந்து மூட வேண்டும். அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது என் வாக்கியம் முடிந்துபோனால் மானம் போய்விடும்.

அதனால் முகமூடி போட்ட பாத்திரம் கிடைத்தால் எங்களுக்குத் தீபாவளிதான். இரும்புத் தலை, கண்ணாடிக் கவசம், யந்திர முகம், எதுவானாலும் சரி. உதடு தெரியாதவன் என்ன வேண்டுமானாலும் பேசலாம். விண்வெளிப் படங்களில் நல்ல தமிழ் பேசுகிறவர்கள் எல்லாம் முகமூடிக்காரர்களாகவே இருப்பதை நீங்கள் கவனித்திருந்தால், காரணம் எங்கள் சோம்பேறித்தனம்தான்.

இந்தப் படங்கள் மீது எனக்கு ஆசை விழுந்தது அதற்கும் முன்னால். நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரி, நூல் மில் தொழிலாளியின் மகள். எங்கள் ஊருக்கு ஒரு விண்வெளிப் படம் வந்தால் எல்லா ஷிப்டுக்காரர்களும் ஒரே நாளில் பார்க்க முடியாது. முந்தின நாள் பார்த்தவர், பார்க்காதவருக்குக் கதை சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதிப்பார். மில் வாசலில் சங்கு ஊதும்வரை கதை ஓடும். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும்போது அது கொஞ்சம் வளரும்.

"ரெண்டு பேரும் சித்தப்பன் மக்க, பெரியப்பன் மக்க வே. அந்த நடுக் கோளு பெரியவன் பங்கு. இவன் தர மாட்டேங்கான்" என்று ஒருவர் கண்ணை உருட்டிச் சொன்னதை நானே கேட்டேன். படத்தில் அப்படி உறவும் கிடையாது, பங்கும் கிடையாது. ஆனால் அந்தச் சண்டை ஏன் நடக்கிறது என்று அதற்குப் பிறகுதான் எனக்கே புரிந்தது.

அறிவியல் வந்ததும் புராணம் போய்விட்டது என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். புராணம் என்ன வேலை செய்தது? உலகம் எப்படி உண்டானது என்று சொன்னது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று காட்டியது. அநியாயமாகச் செத்தவனுக்கு ஒரு நியாயம் செய்தது. முன்பின் தெரியாத ஆயிரம் பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே நேரத்தில் அழவைத்தது. இதில் எதை இந்தப் படங்கள் செய்யாமல் விட்டன? அன்றைக்கு வெள்ளத்துக்கும் அம்மைக்கும் பயந்தோம். இன்றைக்கு நாமே செய்த யந்திரத்துக்குப் பயப்படுகிறோம். பயம் மாறியதால் பூதத்துக்கும் புது உடம்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

டப்பிங் நிறுவனத்தில் ஒரு பொறுப்பாளர் என்னிடம், "தெக்கத்தி ஜனங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது, சிம்பிளா எழுதுங்க மேடம்" என்றார்.

"எங்க ஊர்ல செத்தவன் திரும்பி வந்து பேசுவான். ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல காவல் நிப்பான். உங்க படத்துல இருக்கறதெல்லாம் எங்களுக்குப் பழைய சங்கதி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று முழுவதும் எனக்கு நடையே வேறு மாதிரி இருந்தது.

படப்பில் எரிந்த காவல்காரன்

எங்கள் சாமியின் பெயரை எழுதப்போவதில்லை. வேலையில்லாமல் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது வீட்டு வழக்கம். கதையைச் சொல்லலாம். அவர் மனிதராக இருந்தபோது ஆற்றங்கரை வயல்களுக்குக் காவல்காரர். காவல் காத்த நெல்லை அவரே திருடினார் என்று பழி சொல்லி, வைக்கோல் படப்பில் வைத்து எரித்துவிட்டார்கள். அதன் பிறகு ஒரு மழைக்காலத்தில் மடை உடைந்தபோது, எரிந்த ஆள் தண்ணீரைத் தடுத்து நின்றதை ஊரே பார்த்தது. எரித்தவர்களின் பிள்ளைகள்தான் கோயில் கட்டினார்கள். அந்தப் பிள்ளைகளின் வம்சம்தான் நாங்கள்.

கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டில் இந்தக் கதை பாடப்படும். படப்பில் தீ வைக்கும் இடம் வரும்போது கோமரத்தாடி மேல் சாமி இறங்கும். கோமரத்தாடி என்றால் சாமியாடுகிறவர். எங்கள் வகையறாவில் அது என் அப்பா. சாமியின் ஈட்டியான வல்லயத்தை அவர்தான் பிடிப்பார்.

போன இரண்டு கொடையிலும் அவருக்கு அருள் வரவில்லை.

முதல் தடவை, வயசாகிவிட்டது என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். இரண்டாவது தடவை தீ வைக்கும் இடத்தை வில்லுப்பாட்டுப் புலவர் திரும்பத் திரும்பப் பாடியும் அப்பா மரம் மாதிரி நின்றார். வேறு யாராவது இருந்தால் நாலு குதி குதித்துச் சமாளித்திருப்பார்கள். அப்பா வல்லயத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, "எனக்கு வரல்லை. நடிக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று சாயந்தரமே, அடுத்த கொடையிலும் வராவிட்டால் வல்லயத்தைச் சித்தப்பா மகன் முத்துக்குமார் கையில் கொடுப்பது என்று பேசிவிட்டார்கள். முத்துக்குமார் லைன்மேன். நல்லவன். அதனால் யார் மேலும் கோபப்பட முடியவில்லை.

அப்பா அதற்குப் பிறகு வீட்டில் அதிகம் பேசுவதில்லை. சாமி தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று அவர் நினைத்தார். அந்த வருத்தத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் படம் என்னிடம் வந்தது. ஒரு பெரிய கப்பலில் ஜனங்கள் வேறு உலகத்துக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் காவலாக ஒரு இரும்பு மனிதன். அவன் மேல் ஒரு பொய்ப்பழி விழுகிறது. கதவைத் திறந்து வெளியே தள்ளிவிடுகிறார்கள். அவனோ கப்பலின் முதுகைப் பற்றிக்கொண்டு அவர்களையே காக்கிறான். கடைசியில் நெருப்பறை வெடிக்கப்போகும்போது தானே உள்ளே போகிறான்.

பார்த்த உடனே எனக்கு மயிர் கூச்செறிந்தது. படம் எடுத்தவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

நெருப்பறைக்குள் போகும்போது அவன் மூலத்தில் சொல்வது, என் பணி முடிந்தது என்கிற மாதிரி ஒரு வெறும் வாக்கியம். அவனுக்கு உதடு கிடையாது. நான் எழுதினேன்: "என்னைத் துரத்தினீங்க. பரவாயில்ல. நான் நிக்கிற வரைக்கும் உங்களை ஒண்ணும் அண்டாது. வாசல்ல மட்டும் ஒரு விளக்கு வைங்க."

"ஸ்பேஸ்ஷிப்ல என்ன மேடம் விளக்கு?" என்றார் பொறுப்பாளர்.

"அடுத்த காட்சியில கப்பல் கதவு மேல சின்னதா சிவப்பு லைட் எரியுதே, அது என்னது?" என்றேன். திரும்ப ஓட்டிப் பார்த்தார். வசனத்தை அப்படியே ஒலிப்பதிவுக்கு அனுப்பினார்.

கதையை நிறுத்தாதிய!

படம் வெளியானபோது ஊரில் இருந்தேன். கொடைக்குப் பந்தக்கால் நாட்ட இன்னும் சில நாள் இருந்தது. கால்நாட்டிவிட்டால் அப்பா விரதம், எங்கும் வர மாட்டார். அதற்குள் வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன். "பொம்மைக்குப் பேச்சு எழுதுத, அதை நான் வேற பாக்கணுமாக்கும்" என்று முனகிக்கொண்டே பஸ் ஏறினார்.

இப்போது அரங்கத்துக்கு வருகிறேன். அப்பா இருக்கை வரிசையைத் தாண்டி நடைபாதைக்கு வந்து ஆடத் தொடங்கியதும், ஆபரேட்டர் பயந்துபோய்ப் படத்தை நிறுத்தி விளக்குகளைப் போட்டுவிட்டார். அப்பா அந்தரத்தில் மாட்டியவர் மாதிரி நின்றார். கண் மேலே சொருகியிருந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

பின் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். பாபநாசத்துக்கு மேலே எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மேலே திரும்பி, ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ, படத்தை ஏன் நிறுத்துனிய? கதை பாதியில நின்னா சாமி எங்கன போவும்? ஓட்டுங்க வே!"

அவர் சொன்னது முழுக்கச் சரி. சாமி இறங்கிய பிறகு வில்லுப்பாட்டுப் புலவர் பாட்டை நிறுத்தக்கூடாது. கதையைக் கரை சேர்த்தால்தான் சாமி மலையேறும். இது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆபரேட்டரும் எங்கள் பக்கத்து ஆள்தானே. விளக்கு அணைந்தது, படம் ஓடியது.

இரும்புக் காவலாளி நெருப்புக்குள் நடந்தான். கீழே அப்பா ஆடினார். "செல்லை உள்ள வைங்கலே, சாமி நிக்கில்லா" என்று அந்த அம்மாள் இளவட்டங்களை அதட்டினார். மஞ்சள் தண்ணீருக்கும் வேப்பிலைக்கும் எங்கே போவது? தலையிலிருந்த பிச்சிப்பூவை எடுக்கக் கையைக் கொண்டுபோனவர், சூடிய பூ சாமிக்கு ஆகாது என்று கையை இறக்கிக்கொண்டார். சர்பத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அள்ளிக்கொண்டு கேன்டீன்காரர் ஓடிவந்தார்.

திரையில் கப்பல் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா ஒரு பழத்தை வாங்கிக் கடித்தார். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

டப்பிங் வசனகர்த்தாவின் பெயர் எப்போதும் கடைசியில், பொடி எழுத்தில், எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஓடும். இத்தனை வருஷத்தில் என் பெயரைப் பார்க்க என்னைத் தவிர ஒருவரும் அரங்கத்தில் இருந்ததில்லை. அன்று அரங்கம் முழுக்க இருந்தது. அப்பா எப்போதும் மடியில் வைத்திருக்கும் திருநீற்றை வாங்கக் கூட்டமாக நின்றார்கள். அப்பா அவர்கள் தலைக்கு மேலாகத் திரையைப் பார்த்து, "ஏட்டி, உம் பேரு ஓடுது பாரு" என்றார். நான் அழுதுவிட்டேன்.

வந்தது யார்?

அதட்டலையும் மீறி யாரோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. கோயிலில் கூட்டம் கூடினார்கள்.

"பெரியப்பா மேல எனக்கு மரியாதை உண்டு" என்று முத்துக்குமார் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். "ஆனா அங்கன வந்தது நம்ம சாமிதானா? அந்த இரும்பு ஆளு வேற தேசத்துக்காரன்லா?"

"அமெரிக்கா சாமிக்கு இங்கன கொடை குடுத்தா, அடுத்தாப்புல பாஸ்போர்ட்டு கேக்கும்லே" என்று யாரோ சொல்ல, சிரிப்பு.

கோயில் தலைவர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க. வந்தது யாரு?" என்று அப்பாவைக் கேட்டார்.

நம்ம சாமிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வல்லயம் அப்பா கையிலேயே இருக்கும்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றார் அப்பா. "பழி சொல்லித் துரத்துனவங்களையே அவன் காத்து நின்னான். அதைப் பாத்ததும் எனக்குக் காலு தட்டிச்சு. எந்தச் சாமின்னு சொல்ல எனக்குத் தெரியல்லை. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "மதியக் கொடையில பாப்போம். வந்தா வல்லயம் உங்களுக்கு. இல்லைன்னா முத்துக்குமாருகிட்ட குடுத்திருங்க" என்றார். அப்பா தலையாட்டினார்.

வரத்துப் பாட்டு

மதியக் கொடை. வெயில் மண்டையைப் பிளந்தது. பொங்கல் அடுப்புப் புகையும் சந்தனமும் சேர்ந்து மணத்தன. வில்லுப்பாட்டுப் புலவர் ஒரு பெண். நடுவயதுக்காரர், கணீரென்ற குரல். அவர் பாட்டில் காவல்காரரைப் படப்புக்கு இழுத்துவந்தார். தீ வைத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது.

அப்பா நின்றார். கால் அசையவில்லை.

இன்னொரு முறை பாடினார். அப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்ததே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் நடித்துவிடுங்களேன் அப்பா என்று என் மனம் கெஞ்சியது. அவர் கேட்க மாட்டார் என்றும் தெரியும். அண்ணாச்சி முத்துக்குமாரைத் திரும்பிப் பார்த்தார். முத்துக்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலை மாற்றிப் பிடித்தார். வரத்துப் பாட்டை எடுத்தார். சாமி எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று ஊர்ப்பெயர்களாக அடுக்கிப் பாடுவதுதான் வரத்து. அதில் எப்போதும் இல்லாத அடிகள் அன்று வந்து விழுந்தன.

"பாபநாசத் துறைகடந்து பைய வந்த சாமி,
மில்லுச் சங்கு கேட்டுக் கொஞ்சம் மெல்ல நின்ன சாமி,
வண்ணார்பேட்டைக் கொட்டகையில் வந்திறங்கி நின்னு,
வானக்கப்பல் வாசலிலும் காவல் நின்ன சாமி!"

கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து குலவை எழுந்தது. எங்கள் ஊரைத் தாண்டி வண்ணார்பேட்டை வரை போய்விட்டுச் சாமி ஏன் திரும்பி வர வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தன் கதைக்குள் இன்னொரு உலகத்துக் கதைக்கும் இடம் ஒதுக்கிக்கொடுக்க எங்கள் சாமிக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. எனக்கு என் ஜனங்களை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

அப்பாவின் வலது பாதம் தட்டத் தொடங்கியது.

முதலில் ஓடிப்போய் வல்லயத்தை எடுத்துக் கொடுத்தவன் முத்துக்குமார். சாமி ஆடிய ஆட்டத்தில் பந்தல்கால் ஆடியது. ஆடி முடிந்து, வழக்கப்படி தன் கழுத்து மாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட வந்தது. கதை சொல்லி வரவழைத்தவருக்கு அது மரியாதை.

புலவர் எழுந்து கைகூப்பினார். மாலைக்குத் தலையைக் குனியவில்லை.

"சாமி, வானக்கப்பல் காவல் என் சரக்கு இல்ல. அந்தா நிக்காளே, அந்தப் பிள்ளை எழுதின படத்துல இருந்து எடுத்தது" என்று பெண்கள் கூட்டத்தில் நின்ற என்னைக் காட்டினார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. சாமியின் கண்களுக்கு என்னை அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. மாலை என் கழுத்தில் விழுந்தது. பிச்சிப்பூவும் வியர்வையும் சேர்ந்த வாசனை. தலைமுறை தலைமுறையாகப் புலவர்கள் வாங்கிய மாலை, இருட்டு அறையில் உட்கார்ந்து அடுத்தவன் உதட்டை அளந்துகொண்டிருக்கும் எனக்குக் கிடைத்தது. இதுவரை எனக்குக் கிடைத்த கேடயங்களை எல்லாம் பரண் மேல் போட்டுவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா வீங்கிய காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தார். மாலை போட்டது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் நெனவில்ல. முத்துக்குமாரு சொன்னான்" என்றார்.

"நெசமாவே சாமிதான் போட்டுச்சா? இல்ல, நீங்களா போட்டியளா?"

"நானா?" என்று காலை வெளியே எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "ஊரு கூடியிருக்க இடத்துல பெத்த பிள்ளைக்கு மாலை போடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைதான் தாயி. ஆனா வெக்கமா இருக்கும்லா" என்றவர் காலை மறுபடி தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். "சாமிக்கு என்ன வெக்கம்."